ரோஸ் வராத முகம்

2025 ஜூன் 8, ஞாயிறு

தேயிலை பெக்டரிக்கு லீவு. கூரைத் தகரத்தில் ஒழுகும் இடத்துக்குத் தார் பூச ஏறினேன், பாதியில் மழை பிடித்துக்கொண்டது. இறங்கி கை கழுவும்போது தெரியாத நம்பரிலிருந்து போன். கொஞ்ச நேரம் மூச்சு விடும் சத்தம் மட்டும். பிறகு:

"அண்ணே, நான் துஷாந்த் பேசுறேன். செத்துட்டேன்னு படம் அடிச்சீங்களே, அந்த துஷாந்த்."

எங்கள் லய வரிசையின் கடைசி வீட்டு வேலாயி அக்காவின் மகன். கொழும்பில் துணிக்கடையில் இருந்தவன். டிசம்பரோடு பேச்சு மூச்சு இல்லாமல் போனவன். உயிரோடு இருக்கிறான்!

"கினிகத்தேனையில மழை படாத ஒரு செவத்துல அந்த நோட்டீஸ் இன்னும் இருக்குண்ணே. இன்னிக்கும் பார்த்தேன். நான் கல்யாணம் கட்டுனது அம்மாவுக்குப் புடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாம்ல? அம்மாகிட்ட சொல்லிருங்க. அவங்க என்னைய தலைமுழுகிட்டா நானும் முழுகிட்டேன்னு."

வைத்துவிட்டான். திரும்ப அழைத்தேன், வெட்டினான். இரண்டாம் முறையும் வெட்டினான்.

வினோதா அடுப்படியிலிருந்து யாரு என்று கேட்டாள். ராங் நம்பர் என்றேன். பதினாறு வருட மனைவியிடம்.

ஜூன் 9

ஜனவரியில் நடந்ததை நான் எங்கும் எழுதவில்லை. எழுதினால் நிஜமாகிவிடும் என்று பயம். இன்று எழுதுகிறேன்.

வீட்டில் பிரிண்டர் வைத்து நோட்டீஸ் அடித்துக் கொடுப்பது என் பக்க வேலை. மகனைக் காணவில்லை என்று நோட்டீஸ் அடிக்க வேலாயி அக்கா அவன் படத்தோடு வந்தார். அன்று டயகமயில் இரண்டு சாவு. இரண்டுக்கும் கண்ணீர் அஞ்சலி அடித்து முடித்திருந்தேன். அளவு சரியாக இருக்கிறதே என்று அதே அஞ்சலித் தாளில் துஷாந்தின் படத்தை வைத்தேன், பெயரை மாற்றினேன், கீழே 'தாய் வேலாயி' என்று போட்டுச் சேமித்தேன். பிறகு அஞ்சலித் தலைப்பையும் தேதிகளையும் குத்துவிளக்கையும் எடுத்துவிட்டு, 'காணவில்லை' என்று வேறாகச் சேமித்தேன். ஆக இரண்டு கோப்பு.

மறுநாள் விடிய ஐந்து மணிக்கு இருபது பிரதி அடிக்க மெசினுக்குக் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனேன். கொடுத்தது முதல் கோப்பு, அஞ்சலி இருந்தது. வேலாயி அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. ஈரம் காயும் முன்பே எடுத்துச் சுருட்டி உரப்பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். ஹட்டனிலும் கினிகத்தேனையிலும் தன் கையால் பசை தடவி ஒட்டினார். மகனுடைய சாவு நோட்டீஸை.

சாயங்காலம் கோப்புகளைத் திறந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த நாள் பொய்க் காய்ச்சல் சொல்லிவிட்டுப் போய்ப் பதினொன்றைக் கிழித்தேன். மிச்சம் ஒன்பது எங்கே என்று தெரியவில்லை. கண்டவர்கள் அவரிடம் கேட்கக் கூசியிருப்பார்கள். நானும் சொல்லவில்லை.

துஷாந்த் அதை எப்படி எடுத்துக்கொண்டான் என்று எனக்கு விளங்காமல் இல்லை. போன வருடம் ராகலைப் பக்கம் ஒரு தகப்பன், இஷ்டத்துக்குக் கல்யாணம் கட்டிய மகளுக்கு இப்படித்தான் அஞ்சலி ஒட்டினார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு. அதை அடித்துக் கொடுத்தவனும் நான்தான்.

ஜூன் 10

ஒரு வழி தெரிகிறது. 'துஷாந்த், உன் அம்மா உன்னைத் தேடுகிறாள். முந்தைய நோட்டீஸ் அச்சுப் பிழை' என்று புதிதாக அடித்து, கினிகத்தேனையில் ஒரு சுவர் விடாமல் நானே ஒட்டுவது. அவன் பார்ப்பான், தானாக வீட்டுக்குப் பேசுவான். வேலாயி அக்காவுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

நம்பரை அவரிடம் கொடுத்தாலே போதுமே? போதும்தான். எப்படி வந்தது நம்பர் என்று கேட்பாரே.

ஜனவரிக்குப் பிறகு பிரிண்டரைத் தொடவில்லை. மெசின் பழுது என்று எல்லோரையும் டவுனுக்கு அனுப்பிவிட்டேன். இன்று போட்டேன். மை வரும் துளைகளைச் சோதிக்கும் நொசில் செக்கில் கறுப்புக் கோடு அங்கங்கே அறுந்து வருகிறது. நீலமும் மஞ்சளும் பரவாயில்லை. ரோஸ் ஒரு கோடுகூட இல்லை. ஐந்து மாத மை, அதைத் துப்பும் ஹெட்டில் இறுகிவிட்டது. மூன்று முறை ஹெட் கிளீனிங் கொடுத்தும் அப்படியேதான்.

முகத்தை அடித்துப் பார்த்தேன். ரோஸ் இல்லாமல் பச்சையாக வந்தான். ஆற்றிலிருந்து எடுத்த மாதிரி.

ஜூன் 12

பெட்டரிக் கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர், பாமசியில் ஊசி இல்லாத சிரிஞ்ச். ஹெட்டைக் கழற்றி, ரோஸ் வாயில் சின்ன டியூப்பைச் செருகி, இளஞ்சூடாகத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளினேன். அழுத்தித் தள்ளினால் உள்ளே கிழிந்துவிடும், பிறகு ஹெட்டைக் குப்பையில்தான் போட வேண்டும். அடியில் டிஷ்யூவை நனைத்து வைத்தேன். அரை மணி நேரம் கழித்து ஒரு ஓரம் லேசாகச் சிவந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் வேலாயி அக்கா.

"மெசின கழட்டிட்டியா தம்பி? சரியானா இன்னும் ஒரு இருவது அடிச்சுக் குடுய்யா. பழசெல்லாம் மழையில போயிருக்கும்."

சரிக்கா என்றேன். எப்படி வந்தது அந்தச் சொல் என் வாயில்?

ஜூன் 13

ரோஸ் நான்கு கோடு. நடுவில் இடைவெளி.

ஜூன் 15, ஞாயிறு

டெஸ்ட் அடிக்க வேறு படம் போடலாம். பூ, மலை, எதையாவது. ஆனாலும் கை அவன் படத்துக்கே போகிறது. முகத் தோல் சரியாக வந்தால்தான் ரோஸ் சரி என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். காயப்போட்ட கொடியில் ஒன்பது துஷாந்த். பச்சை, சாம்பல், கண்ணுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு. கழற்றிவிடுவோம் என்று நினைத்தேன். ஒன்பது என்று எண்ணியதும் கிட்டப் போகவே பயமாக இருந்தது.

வினோதா எல்லாவற்றையும் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். "பார்த்துக்கிட்டே இருக்கான்ங்க" என்றாள். போன் அடிக்காமலே காதில் அந்த மூச்சுச் சத்தம் கேட்கிறது.

ஜூன் 17

மகனைக் காணவில்லை என்று முறைப்பாடு கொடுத்திருந்த வேலாயி அக்காவுக்குக் காலையில் பொலிஸிலிருந்து செய்தி. ஆற்றில் ஓர் உடல் கிடைத்திருக்கிறதாம், இருபத்து நாலு இருபத்தைந்து வயதிருக்குமாம், வந்து பார்க்கச் சொல்கிறார்கள். தனியாகப் போகக் கால் வரவில்லை என்று வினோதாவைக் கூப்பிட்டார்.

நான் பஸ் வரும் வரை அவர்களோடு நின்றேன். வேலாயி அக்கா வெற்றிலைப் பையைத் திறந்து திறந்து மூடினார். அக்கா, அது அவன் இல்லை. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. அரை நிமிடம் போதும். பஸ் வந்தது. குடையை வாங்கி மடக்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் நாலரைக்கு நொசில் செக் முழுசாக வந்தது. ரோஸ் ஒரு கோடு அறாமல் வந்தது. சத்தமாகக் கை தட்டினேன். அவர்கள் அந்த நேரம் பிரேத அறை வாசலில் நின்றிருப்பார்கள் என்பது கை தட்டிய பிறகுதான் உறைத்தது. சீ.

ஜூன் 18

நேற்று அவர்கள் திரும்பும்போது எட்டு மணி. துஷாந்த் இல்லை. வேறு யாரோ பெற்ற பிள்ளை. துணியை எடுத்ததும் வேலாயி அக்கா அந்தத் தலையைத் தொட்டு, "இவனுக்கும் தாயி இருப்பாளே" என்று அழுதாராம். வினோதா சாப்பிடவில்லை. கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அப்போதுதான் அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள். "நான் பொணத்த பார்த்துட்டு வந்திருக்கேன். நீங்க நொசில பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?"

இன்று காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு முன்பே கடைசி வீட்டுக்குப் போனேன். வேலாயி அக்கா கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். துஷாந்த் உயிரோடு இருக்கான்க்கா என்றேன். கூடை கீழே விழுந்தது. நின்றபடியே மிச்சத்தையும் சொன்னேன், சாவு நோட்டீஸ், பதினொன்று, ஒன்பது, எல்லாம். எந்தச் சொல்லையும் அவர் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

"என்னிக்குப் பேசுனான்?"

"எட்டாந்தேதி."

விழுந்த கூடையை எடுத்துச் சுவரோரம் வைத்தார். "அப்ப நேத்து நான் பஸ் ஏறையில ஒனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

ஏசவில்லை. மண் வாரித் தூற்றியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். இடுப்பிலிருந்து தன் சின்ன போனை எடுத்து நீட்டினார். "நம்பர அடிச்சுக் குடு."

அடித்துக் கொடுத்தேன். எடுத்தான்.

"துஷா... அம்மாடா. அம்மா—"

அவ்வளவுதான் எனக்குக் கேட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூன் 22

ரோஸ் சரியான அன்றே அடித்து வைத்த நாற்பது நோட்டீஸையும் அடுப்பில் போட்டேன். யாருக்கும் தேவைப்படவில்லை. முகம் அவ்வளவு தெளிவாக வந்திருந்தது.

ஜூலை 4

வேலாயி அக்காவின் காகிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வது வழக்கம். இன்று ஈபிஎப் கடிதம் வந்ததாம். அடுத்த லயத்து ஸ்கூல் பிள்ளையிடம் கொண்டுபோனார்.

ஜூலை 20, ஞாயிறு

துஷாந்த் நேற்றுச் சாயங்காலம் வந்தான், மனைவியோடு. கினிகத்தேனைச் சிங்களப் பிள்ளை, மாசமாக இருக்கிறாள். லயமே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. வினோதா பலகாரம் கொண்டுபோனாள். அந்தப் பிள்ளையின் கையை வேலாயி அக்கா விடவே இல்லையாம். நான் போகவில்லை. போகலாமா என்று வினோதாவிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

இன்று காலை வாசலில் உட்கார்ந்திருந்தேன். மூவரும் புதுத்துணி உடுத்திக்கொண்டு வந்தார்கள். வேலாயி அக்கா பட்டுச் சேலை கட்டியிருந்தார். துஷாந்த் என்னைக் கண்டு கொஞ்சம் நின்றான், தலையை அசைத்தான். அக்கா அவன் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். வினோதாவைப் பார்த்துச் சிரித்தார், என்னைப் பார்க்கவில்லை.

"ஹட்டனுக்குப் போறாங்களாம்" என்றாள் வினோதா, பஸ் போன பிறகு. "மூணு பேருமா போட்டோ எடுக்க."