விசிலுக்குப் பிறகு வந்த அலை

1975 தை 25, சனி இரவு

அலைப்பலகைப் போட்டியில் இன்று நான் ஓர் அலையில்கூட ஏறவில்லை. வென்றால்தான் இனியும் கடலுக்கு விடுவன் என்று ஐயா முன்பே சொல்லியிருந்தார்.

பெரிய அலை கடைசியில்தான் வரும் என்று புத்தகத்தில் படித்ததை நம்பி, வந்த அலைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். கரை முழுக்கச் சனம். எண்ணினது ஒரு சாட்டு, உண்மையில் பயம். அந்த அலைகளையெல்லாம் மச்சாள் மலர் பிடித்தாள். போட்டி முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள்.

"ஏனடி, கடலுக்குப் பாடம் எடுத்தனியோ?" என்றாள் மலர். எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஐயா பலகையைக் குசினிக்குள் கொண்டுபோய்ப் போட்டார். அம்மா அதன்மேல் அரிசிப் பானையை வைத்துவிட்டா.

விசிலுக்குப் பிறகு அந்தப் பெரிய அலை வந்தது. எண்ணினது சரிதான். இனி ஆரிட்டைச் சொல்ல?