யானைக் கொட்டிலுக்குக் குடிபோன பெண்டிர்

வெள்ளம் வடிக, குடி நிலைக்க! நீலவாய் நாடாளும் குன்றாக் கொற்றத்து அரசி முத்தாழி நாச்சியார் திருவாய் மலர்ந்தருள, ஓலை நாயகம் வரைந்தது: வெள்ளத்தில் வீடிழந்தோர் தங்கும் பன்னிரு பாடிகளின் அதிகாரிகளும் கண்டு தெளிக.

மேட்டுப்பாடி அதிகாரி வயிராதராயர் சென்ற திங்கள் ஓர் ஓலை விடுத்தார். பாடியில் முறையீடு ஒன்றுமில்லை என்றும், வெள்ளத்துக்குத் தப்பி அங்கே கட்டப்பட்டிருக்கும் பட்டத்து யானைமேல் கொண்ட பாசத்தால் பெண்டிர் அறுபதின்மரும் தங்கள் மண்டபத்தை விட்டு அதன் கொட்டிலிலேயே படுக்கிறார்கள் என்றும், இத்தகைய அரசபக்தியை வளர்த்தமைக்குத் தமக்கொரு பொன்னாடை தகும் என்றும் அதில் கண்டிருந்தது.

அரசியார் பொன்னாடைக்குப் பதிலாகத் தம் மெய்க்காவல் நங்கை பூதியை அனுப்பினார்.

பூதி கண்டது வேறு. யானைக்கு நான்கு காவலர், எட்டுத் தீப்பந்தம். பெண்டிர் மண்டபத்துக்கோ கதவும் இல்லை, காவலும் இல்லை. தறியும் வீடும் ஆற்றோடு போக, பன்னிரண்டு வயது மகளோடு வந்து சேர்ந்தவள் செங்காணி என்னும் நெசவுக்காரி. அரிசி அளக்கும் கங்கன், மகளைத் தனியே அனுப்பினால்தான் அரிசி என்றானாம். அவள் மகளை இழுத்துக்கொண்டுபோய் யானையின் காலடியில் பாயை விரித்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னே வந்தார்கள்; ஒவ்வொருத்திக்கும் ஒரு கங்கன் இருந்தான். முறையிடவேண்டியதுதானே என்று பூதி கேட்க, முறையீட்டை எழுதி வாங்குபவனும் கங்கன்தான் என்றாளாம் செங்காணி. யானை மிதித்துவிடாதா என்றதற்கு அவள் சொன்னதை எழுத்து மாறாமல் பொறிக்க ஆணை:

“மிதிச்சா தெரியாம மிதிக்கும் தாயே. மறுநாள் வந்து இளிக்காது.”

பூதி இதைச் சொன்னதும் அரசவை சிரித்தது. அரசியார் சிரிக்கவில்லை. உடனே அவைக்கும் சிரிப்பு நின்றுபோயிற்று.

ஆதலின், கங்கனையும் அவன் போன்றோரையும் விலங்கிட்டு அனுப்புக. முறையீடுகளைப் பூதி எழுதுவாள். அரிசியைச் செங்காணி அளப்பாள். யானையின் பந்தங்கள் எட்டும் பெண்டிர் நீராடப் போகும் வழிக்கு மாறுக. இருட்டைக் கண்டு யானை பயப்படாது. வயிராதராயர் தம் மாளிகைக் கதவைக் கழற்றி, உள்ளே தாழ் வைத்து, மண்டபத்துக்குப் பொருத்துக. பெண்டிர் மண்டபம் திரும்பியதும் கொட்டிலில் காலியாகும் இடத்தில் அவர் படுத்து அரசபக்தி வளர்க்கலாம். இனி அச்சமில்லை என்று செங்காணி சொல்லும் நாளில் அவர் வீடு திரும்பலாம்.

மற்றப் பதினொருவரும் தத்தம் பாடியில் பெண்டிர் எங்கே படுக்கிறார்கள், ஏன் என்று நேரில் கேட்டு எழுதுக. பாசம் என்று எழுதற்க.

கேட்ட பொன்னாடை இவ்வோலையோடு வருகிறது. அது யானைக்கு. போர்த்த வேண்டியவர் வயிராதராயர்.

இலச்சினையின் ஈரம் காயுமுன் இவ்வாணை நடக்க.