எழுவாய் இல்லாத வாக்கியம்

இன்று மதியம் உன் டிபன் டப்பா மறுபடியும் திறக்க மறுத்தது. உன் அம்மா என்னிடம் கொடுத்தபோதே பக்கவாட்டில் ஒடுக்கு விழுந்திருந்தது. தட்டி நிமிர்த்தித் தருவதாகப் பாத்திரக்கடைக்காரர் சொன்னார், நான்தான் வேண்டாமென்றேன். அந்த ஒடுக்கைக் காட்டித்தானே 'ஒப்ரஸ்' என்ற ஆங்கில வினைச்சொல்லை எனக்கு விளக்கினாய்?

ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நாம் நின்ற காலம் அது. நிஜமாகவே நின்றோம், கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை உட்காரக் கூடாது. நீ அஞ்சல்வழியில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தாய். மன்னார்புரத்தில் பஸ் ஏறியதும் எனக்கும் பாடம் தொடங்கிவிடும்.

"ஒரு தடவை தட்டுனா அந்த வார்த்தை வராதுடி. மேலேருந்து விடாம அமுக்கணும்" என்றாய்.

"நாம ஒடுக்கப்படுறோம்" என்று வாக்கியம் அமைத்தேன். உனக்குப் பிடிக்கவில்லை.

"யாரு ஒடுக்குறா? எழுவாயை ஒளிச்சு வெச்சா பண்ணவன் தப்பிச்சிருவான்."

ஒருநாள் தூணில் சாய்ந்ததற்காக மேலாளர் என்னைத் திட்டினார். நீ முன்னால் வந்து, "யூ ஒப்ரஸ் அஸ், சார்" என்றாய்.

"பிரஷரா? மாத்திரை போட்டியாம்மா?" என்றார் அவர், உண்மையான அக்கறையோடு.

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீ சிரிக்கவில்லை.

"பிரஷர் இல்லைங்க சார். நீங்க எங்களை ஒடுக்குறீங்க. கால் வீங்குது, உட்கார விடமாட்டேங்கிறீங்க."

சொல்லிவிட்டு வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாய். நான் உட்கார்ந்தேன். பிறகு சேலைப் பிரிவே உட்கார்ந்தது. கல்யாணப் புடவை எடுக்க ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த மாமி, "அவாளும் மனுஷாதானே, செத்த உட்காரட்டுமே" என்றார். அடுத்த வாரம் நமக்கு ஸ்டூல்கள் வந்தன. உன் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

நீ காய்ச்சலில் இறந்துபோன பிறகு அந்த மேலாளரும் மாற்றலாகிப் போய்விட்டார். நேற்று சுவரில் ஓர் அறிவிப்பு: 'பண்டிகைக் கூட்டத்தை முன்னிட்டு ஸ்டூல்கள் அகற்றப்படும்.'

நேரே புது மேலாளரிடம் போனேன். "அகற்றப்படும்னு போட்டிருக்கீங்க. அகற்றப்போறது யாரு சார்?"

அவர் என்னைப் பார்த்தார். என் பின்னால் வந்து நின்ற பெண்களையும் பார்த்தார். கல்லாப் பக்கம் நடந்துவிட்டார். ஸ்டூல்களை எடுக்க யாரும் வரவில்லை.

இன்று காலை அறிவிப்பும் சுவரில் இல்லை. "கிழிக்கப்பட்டிருக்கே?" என்றார் மேலாளர், பொதுவாக எல்லோரையும் பார்த்து.

"நான் கிழிச்சேன் சார்" என்றேன். எழுவாயோடு.

மதியம் ஸ்டூலில் உட்கார்ந்துதான் உன் டப்பாவோடு மல்லுக்கட்டினேன்.