விஷச் சூப்பு வால்ட்ஸ்

மார்ச் 12, புதன்

இன்று என் வாய் சும்மாதான் இருந்தது, கைதான் கெடுத்தது.

புதன்கிழமை பள்ளிக்கூடம் இல்லை என்பதால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் கன்சர்வத்துவாரில்தான், அதாவது நகராட்சி இசை, நடன, நாடகப் பள்ளியில்தான். கீழே ட்ரம்போன், பக்கத்து அறையில் நாடகத் துறைக் கூச்சல், மாடியில் அர்மெலின் பாலே வகுப்பு. பதினொரு வருடமாக அவள் ஆட்டுவிக்கிறாள், நான் பியானோ வாசிக்கிறேன். பாதி வகுப்பில் கதவு திறந்தது. கலாசாரத்துக்கான துணை மேயர் முஸ்யே கொர்னியோ, பின்னால் நான்கு பேருடன், தலையைக் குனிந்துகொண்டு மெள்ள மெள்ள நடந்து வந்தார். அந்த நடையைப் பார்த்ததும் என் கை தானாகவே சவ ஊர்வல மெட்டுக்குப் போய்விட்டது. சத்தியமாக நான் யோசிக்கவில்லை. பிள்ளைகள் சிரிப்பை அடக்கிப் பார்த்தன. கம்பியைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்றவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன.

கொர்னியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அருமையான சோகம்" என்றார். அர்மெலுக்குப் புரிந்தது.

வகுப்பு முடிந்ததும், "நாப்பத்தொம்பது வயசாவுது உனக்கு, ரெஜி" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 14, வெள்ளி

எங்கள் பள்ளி முதல்வர் மதாம் வொக்லான் கூப்பிட்டார். "ஒரு சின்ன விஷயம்" என்று அவர் ஆரம்பித்தால் யாரோ ஒருவருடைய தலை உருளப்போகிறது என்று அர்த்தம்.

"பாலே வகுப்புக்கு நல்ல ஸ்பீக்கர் பெட்டி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். எல்லா இசையும் அதுலயே இருக்கும். ஜூன் விழா முடியட்டும், அப்புறம் முடிவு பண்ணுவோம்."

"அப்போ நான்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் நம்ம கிளையில ரெக்கார்டர் குழல் வகுப்புக்குத் துணைக்கு ஆள் இல்லாம தவிக்கிறாங்க."

ரெக்கார்டர் குழல்! ஏழு வயதுப் பிள்ளைகள் ஒரு அறை நிறைய உட்கார்ந்து ஒரே நேரத்தில் ஊதுவதை இந்த அம்மாள் கேட்டிருக்கிறாரா? அதற்குப் பக்கத்தில் பியானோ வாசிப்பதும் புயலில் விளக்கேற்றுவதும் ஒன்றுதான்.

பெட்டி வேண்டும் என்று யார் கேட்டது என்றேன். "ஆசிரியர்கள் தரப்புல ஒரு விருப்பம்" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பாலே ஆசிரியர்கள் தரப்பு என்றால் அர்மெல் ஒருத்திதான்.

மார்ச் 15, சனி

பதினொரு வருஷம்! முகத்துக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவ கைய ஆட்டறதுக்கு முந்தியே அவ மனசுல என்ன இருக்குன்னு வாசிச்சவன் நான் — பெட்டி வாசிக்குமா? சரி, சவ ஊர்வலம் தப்புதான். போன மாசம் கால் நீட்டற பயிற்சிக்குச் சோப்பு விளம்பரப் பாட்டு வாசிச்சதும் தப்புதான். அதுக்கு இதுவா தண்டனை?

சாப்பிடவில்லை. பாலாடைக்கட்டி மட்டும், ரொட்டி இல்லாமல். அதுவும் நிறைய.

ஏப்ரல் 2, புதன்

ஜூன் விழாவுக்கான முதல் கூட்டம். இசை, நடனம், நாடகம் மூன்றும் ஒரே மேடையில் என்பது முதல்வரின் கனவு. கதை இது: பேராசைக்கார ராஜா விருந்து வைக்கிறார், சமையல்காரி சூப்பில் விஷம் கலக்கிறாள், விருந்தாளிகள் வால்ட்ஸ் நடனம் ஆடியபடியே ஒவ்வொருவராக விழுந்து சாகிறார்கள், கடைசியில் ராஜாவும் சாகிறார், திரை. ராஜாவும் சமையல்காரியும் நாடகத் துறை, சாகிறவர்கள் பாலே, வால்ட்ஸ் வாசிப்பது ஆர்கெஸ்ட்ரா. அதை எழுதியவன் எங்கள் ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் லுதோவிக். தான் எழுதியதில் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காத ஆசாமி.

"இசையில பதினேழாவது தாளக் கட்டத்துலேர்ந்து சாக ஆரம்பிக்கலாம்" என்றான் லுதோவிக்.

"அது எத்தனாவது எட்டு?" என்றாள் அர்மெல். நடனக்காரர்களுக்கு உலகமே எட்டு எட்டாக எண்ணினால்தான் ஓடும்.

"வால்ட்ஸ் மூணு மூணாப் போகுதும்மா. எட்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

நாடக ஆசிரியர் பஸ்தீத் கண்ணை மூடிக்கொண்டு, "என் ராஜா எண்ணிக்கிட்டெல்லாம் சாக மாட்டான். உள்ள ஒரு வெறுமைய உணர்ந்ததும் சாவான்" என்றார்.

"அதான், அது எத்தனாவது எட்டு?" என்றாள் அர்மெல்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவளுக்கும்தான். இருவரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

மே 14, புதன்

இரண்டு மாதமாக நல்ல பிள்ளையாக வாசிக்கிறேன். குறும்பு இல்லை, சோப்பு இல்லை, சவம் இல்லை. இன்று அர்மெலே கேட்டாள்: "உடம்பு சரியில்லையா உனக்கு?"

"பெட்டி மாதிரி வாசிச்சுப் பழகுறேன்."

கழுத்து வரை சிவந்துபோனாள். மறுக்கவில்லை. மறுப்பாள் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. இல்லாவிட்டால் ஏன் இவ்வளவு வலிக்க வேண்டும்?

ஜூன் 4, புதன்

பிள்ளைகள் நன்றாகவே சாகிறார்கள். ஓம்பெலின் என்ற எட்டு வயதுக்காரி மட்டும் செத்த பிறகு மூக்கைச் சொறிகிறாள். நாங்கள் மாடியில் என் பியானோவோடு. ஆர்கெஸ்ட்ரா கீழே தனியாக. இன்னும் ஒருதரம்கூடச் சேர்ந்து ஆடவில்லை. பதினெட்டாம் தேதி முழு ஒத்திகை இருக்கவே இருக்கிறதே என்கிறான் லுதோவிக்.

ஜூன் 18, புதன்

டிராம் வேலைநிறுத்தம். அரங்க ஊழியர்களும் ஆதரவு. அரங்கு பூட்டிக் கிடக்கிறது, முழு ஒத்திகை இல்லை. ட்ரம்போன் ஆசிரியர் ட்ரம்போனோடு ஊர்வலம் போனார்.

ஜூன் 20, வெள்ளி

எழுதிவிட வேண்டும்.

மேடையேறுகிறவர்களை எங்கள் ஊரில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லித்தான் அனுப்புவோம். நல்வாக்குச் சொன்னால் விளங்காது. கொர்னியோ திரைக்குப் பின்னால் வந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்து "நல்லபடியா நடக்கட்டும்" என்றார். பஸ்தீத் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் நல்லபடியாகத்தான் நடந்தது. நான் மேடையோரம் பியானோவில். ராஜா சூப்பு உறிஞ்சும் இடத்துக்கு மட்டும் வாசிப்பது நான். உறிஞ்சினார். விருந்தாளிகள் ஆடி ஆடி விழுந்தார்கள். ராஜா வெறுமையை உணர்ந்து செத்தார். ஓம்பெலின் மூக்கைக்கூடச் சொறியவில்லை. வால்ட்ஸ் முடிந்தது.

லுதோவிக்கின் கோல் மறுபடி மேலே போனது.

அவன் இசைத்தாளின் கடைசியில் இரண்டு புள்ளி இருக்கிறது: முதலிலிருந்து திரும்ப வாசி. எனக்குத் தந்த பியானோ தாளில் அந்தப் புள்ளிகள் இல்லை. கீழே அவர்கள் தினமும் இரண்டுமுறை வாசித்திருக்கிறார்கள். மாடியில் நாங்கள் தினமும் ஒருமுறைதான் செத்திருக்கிறோம். திரை இழுப்பவரும் இசை நின்றால்தான் இழுப்பார்.

மேடை முழுக்கப் பிணம். வால்ட்ஸ் குதூகலமாகப் போய்க்கொண்டிருந்தது. முதலில் ஒரு பிணத்தின் பாதம் தாளம் போட்டது. இசை வந்தால் ஆட வேண்டும் என்றுதானே அர்மெல் பழக்கியிருக்கிறாள்? இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். ராஜா படுத்தபடியே, "படுங்கடி! செத்துட்டீங்க!" என்று சீறினது பால்கனி வரை கேட்டது. ஒருத்தி படுத்தாள், இன்னொருத்தி எழுந்தாள். சபையில் சிரிப்பு கிளம்பியது. ஓம்பெலின் அழ ஆரம்பித்தாள்.

எதிர்ப்பக்கம் திரையோரம் அர்மெல் நின்றாள். லுதோவிக்கைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் நான் நிதானமாக ஒரு துண்டு வாசிப்பேன். பிள்ளைகள் முன்னால் வந்து, முழங்கால் மடித்து, ஆசிரியைக்கும் எனக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். அது அவர்கள் காதுக்கு எட்டவே வேண்டாம், காலுக்கு எட்டினால் போதும். அதைத்தான் அடித்தேன், ஆர்கெஸ்ட்ராவுக்கு மேலே, முழு பலத்தோடு. செத்தவர்கள் எல்லாரும் ஒன்றுபோல எழுந்தார்கள், முன்னால் வந்தார்கள், முழங்கால் மடித்தார்கள். அழுத கண்ணோடு ஓம்பெலின்தான் எல்லாரையும்விட அழகாக வணங்கினாள். தனியாகக் கிடந்து என்ன செய்ய என்று ராஜாவும் எழுந்து வணங்கினார். வயலின்கள் ஒவ்வொன்றாக நின்றன. திரை விழுந்தது. லுதோவிக் மட்டும் காற்றை நடத்திக்கொண்டு கடைசிப் புள்ளி வரை போய்த்தான் நிறுத்தினான்.

சபை எழுந்து நின்று தட்டியது. கொர்னியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாவையே எழுப்பி வணங்க வச்சுட்டீங்களே!" என்றார். பஸ்தீத் கூச்சப்படாமல், "ஆமாம், அதுதான் எங்க எண்ணம்" என்றார்.

"என் வால்ட்ஸக் கொன்னுட்டியேடா!" என்று வந்தான் லுதோவிக்.

"எல்லாரும் செத்தாச்சு. அது ஒண்ணுதான் சாக மாட்டேன்னு அடம்பிடிச்சுது."

கூட்டம் கலைந்ததும் அர்மெல் என் பக்கத்தில் வந்து நின்றாள். "பெட்டி கேட்டது நான்தான்."

"தெரியும்."

"உன்மேல அவ்ளோ கோபம். இப்பவும் கொஞ்சம் இருக்கு." பிறகு, "அந்தப் பெட்டி இன்னிக்கு என்ன பண்ணியிருக்கும்?"

"மரியாதையா வாய மூடிக்கிட்டு இருந்திருக்கும்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

காப்பி இயந்திரத்தின் அருகே முதல்வர் பிடித்துக்கொண்டார். "அர்மெல் காலையிலயே வந்து சத்தம் போட்டுட்டுப் போனாங்க, பெட்டி வேணாமாம். நீங்கதானே கேட்டீங்கன்னேன். கேட்டேன், இப்ப வேணாங்கறேன், ரெண்டுக்கும் எனக்கு வாய் இருக்குன்னாங்க. ஆனா நான் நகராட்சிக்குச் சொல்லியாச்சே, ரெஜி. செப்டம்பர்ல பாக்கலாம்."

செப்டம்பர் வரை ரெக்கார்டர் கனவில் ஊதும்.

செப்டம்பர் 10, புதன்

பெட்டி வந்திருக்கிறது. பஸ்தீத் தன் வகுப்புக்கு இடிமுழக்கம் வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். சுவர் வழியாகக் காலையிலிருந்து இடிக்கிறது.

நான் மாடிக்குப் போனபோது அர்மெல் பிள்ளைகள் வருமுன்பே வந்திருந்தாள். பியானோ முக்காலியைத் துடைத்து, திருகி, எனக்காக உயரம் சரிசெய்து வைத்திருந்தாள். இத்தனை வருடத்தில் ஒருநாளும் செய்ததில்லை. ரொம்ப உயரமாக வைத்துவிட்டாள். முழங்கால் பியானோவின் அடிப்பலகையில் இடித்தது.

மாற்றவில்லை. வகுப்பு முழுக்கக் கூனிக்கொண்டே வாசித்தேன்.