மறுபடி கட்டாத இழை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் நலமா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்த முறை அப்படி எழுத முடியாது, போன மாதம் ஆபரேஷன் செய்து என் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும்.

நீ பிறந்த இருபதாம் நாள் நான் சலவைக்கூடத்துக்கு வேலைக்குத் திரும்பினேன். ஓட்டல் படுக்கை விரிப்புகள் நனைந்தால் ஒவ்வொரு கட்டும் கல்லாகக் கனக்கும். அப்போதே அடியில் ஏதோ இறங்குவது போலிருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை, துணியை மடித்து வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு இருபத்தேழு வருஷம் ஓட்டினேன். இருமினால் மூத்திரம் ஒழுகும், சிரித்தால் ஒழுகும், அதனால் சிரிப்பதை விட்டேன், நீங்கள் எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்தது எனக்குத் தெரியும். உன் அப்பா கட்டிலை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார், ஏன் என்று கேட்டால் "எனக்கும் மூக்கு இருக்குல்ல" என்றார். நீயும் சளைத்தவள் இல்லை. பத்தாம் வகுப்பில் உனக்குப் பரிசு கொடுத்த அன்று, "நீ வராதம்மா, உன் பக்கத்துல உக்காந்தா எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க" என்றாய். புதுத்துணி உடுத்தித் தயாராக நின்றிருந்தேன், அவிழ்த்து மடித்து வைத்தேன். நீ மறந்திருப்பாய்.

என் வலியைச் சொல்லிவிட்டு என் பாவத்தை மறைக்கக் கூடாது. ஐந்து வருஷத்துக்கு முன் உன் அண்ணி இரண்டாவது பிள்ளை பெற்ற மறுமாதம் என்னிடம் வந்து, "அத்தை, என்னமோ கீழ தள்ளுற மாதிரி இருக்கு" என்றாள். எனக்குத் தெரியாத நோயா? ஆனாலும் "நடிக்காத, பெத்தவங்க எல்லாம் படுத்தா கிடக்கறாங்க" என்று சொல்லி, தண்ணீர் வாளியை அவள் கையில் கொடுத்து மூன்று மாடி ஏறச் சொன்னேன், ஒரு நாளைக்கு எட்டு வாளி. எனக்கு ஒருத்தரும் காட்டாத இரக்கத்தை இவளுக்கு நான் ஏன் காட்ட வேண்டும் என்று தோன்றியது, வேறு காரணம் இல்லை.

போன மாதம் ஈர விரிப்பு வண்டியைத் தள்ளும்போது மொத்தமும் வெளியே வந்துவிட்டது, கால் வழியே ரத்தம். சூப்பர்வைசர் முதலில் "துணியில படாம தள்ளி நில்லு" என்று கத்தினார், பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தார். ஆபரேஷன் செய்த டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். எடுத்த சதையில் ஒரு துண்டைப் பரிசோதித்துவிட்டு வந்து, "உள்ளே இருக்கறதையெல்லாம் தாங்கிப் பிடிக்க, துணியில தைக்கற எலாஸ்டிக் மாதிரி மெல்லிசா இழை இருக்கும்மா, எலாஸ்டின்னு ஒரு புரதம், இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். கொலாஜன்னு இன்னொண்ணு, அது கயிறு மாதிரி. பிரசவத்துல இழை அறுந்தாலும் உடம்பு மறுபடி கட்டிக்கும். சில பேருக்கு அந்த வேலை சரியா நடக்கறதில்ல. உங்களுக்கு இழையெல்லாம் துண்டு துண்டாக் கிடக்கு, கயிறும் நைஞ்சிருக்கு" என்றாள். தூக்கிய கனமும் கெடுத்ததாம், உடம்பு வாகும் கெடுத்ததாம், வாகு குடும்பத்தில் வரலாமாம். "பொண்ணு இருக்காளா?" என்று கேட்டாள். இல்லை, ஒரே மகன்தான் என்றேன். பக்கத்தில் நின்ற உன் அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த அன்று தையல் வலி தாங்காமல் முனகினேன். அவள் வெந்நீரோடு வந்து, "நடிக்காதீங்க அத்தை, பெத்தவங்க எல்லாம் படுத்தா கிடக்கறாங்க" என்றாள், அன்று நான் அவளுக்குச் சொன்ன அதே சொல். சொல்லிவிட்டு என்னைத் துடைத்துத் துணி மாற்றினாள், மறுநாளும் செய்தாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டால் வாங்கிக்கொள்ளும் முகமாகவும் அது இல்லை. அந்த டாக்டரிடம் அவளை அனுப்பி வைத்தேன், அது ஒன்றுதான் செய்தேன். அவளுக்கு இப்போது உள்ளே ரப்பர் வளையம் வைத்துத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள், வாளிகளை உன் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே தூக்குகிறான். திரும்பி வந்தவள் என்னைப் பார்த்து, "உங்க பொண்ணுக்கு எப்ப சொல்லப் போறீங்க? இல்ல, அவளும் அனுபவிக்கட்டும்னு இருக்கீங்களா?" என்று கேட்டாள். கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்றுதான் இருந்தேன். பெற்றவள் நினைக்கக் கூடாததுதான், நினைத்தேன்.

உனக்கு இது ஏழாம் மாதம். நாளைக்கே உன் டாக்டரிடம் போய், என் அம்மாவுக்குக் கர்ப்பப்பை இறங்கி எடுத்துவிட்டார்கள் என்று கூசாமல் சொல். உனக்கும் வந்தே தீரும் என்று இல்லையாம், முன்கூட்டியே தெரிந்தால் கவனிக்க வழி இருக்கிறதாம். மூத்திரத்தை அடக்குவது போல் இறுக்கி விடும் பயிற்சி ஒன்று உண்டு, கேட்டுக் கற்றுக்கொள். முக்கி முக்கி வெளிக்குப் போகாதே. பெற்ற பிறகு கனம் தூக்காதே, யார் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும்.

பிள்ளை சுகமாகப் பிறக்கட்டும், நீ முழு உடம்போடு எழுந்து நடக்க என் ஆசீர்வாதம். என்னைப் பார்க்கவென்று கிளம்பி வராதே, வந்தால் நல்லவிதமாகப் பேசுவேன் என்று உறுதி இல்லை. டாக்டரைப் பார்த்துவிட்டேன் என்று மட்டும் மறக்காமல் ஒரு வரி போடு. அதையும் எனக்குப் போடாதே, உன் அண்ணிக்குப் போடு, அவள்தான் தினமும் கேட்கிறாள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்