மகளுக்கு நாற்காலி, எனக்குக் கூண்டு

ஜூலை 14, 2024, ஞாயிறு

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனவன் தூத்துக்குடியிலேயே நானாகத்தான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து, சாப்பிட்டுப் படுத்தவனை மனைவி எமில்டாதான் உலுக்கி எழுப்பினாள். பதினேழு வயது மகள் டெல்பின் என் ஸ்கூட்டரை எடுத்துப்போய்க் கருப்பட்டிக்கடை தங்கப்பாண்டி அண்ணாச்சியை இடித்துவிட்டாள். அவருக்குக் கால் முறிவு. சாவியை எப்போது எடுத்தாளோ, தெரியாது.

ஸ்டேஷனில் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, ஒரு போலீஸ்காரர் செல்போனில் படம் பிடித்தார்.

"எதுக்கு சார் படம்?"

"மொதல்ல சட்டைய ஒழுங்காப் போடும்வே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஜூலை 15

தெரு வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் படம். பெயர், பள்ளிக்கூடம், எல்லாம். பதினெட்டு ஆகாத பிள்ளையின் பெயரை வெளியே விடக் கூடாதென்று சட்டமே இருக்கிறதாம். யாருக்கு இருக்கிறது? பிள்ளை ஒரு வாய் சாப்பிடவில்லை. அனுப்புனவன் மட்டும் என் கையில கிடைச்சாம்னா— என்ன செய்வேன்? ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவேன். என் வீரம் அவ்வளவுதான்.

ஜூலை 16

ஆஸ்பத்திரி. கட்டுப்போட்ட காலோடு அண்ணாச்சி கேட்டார்: "வல்லத்துல சின்னப் பிள்ளயள சுக்கான் பிடிக்க விடுத மாதிரி, வண்டியையும் குடுத்திட்டீரோ?"

பதினாலு வயதில் சுக்கான் பிடித்தவன்தான் நானும். கடலில் குறுக்கே கருப்பட்டிக்கடை வராது.

ஆகஸ்ட் 21

இளைஞர் நீதிக் குழுமம். பதினெட்டு ஆகாதவர்களை இங்கேதான் விசாரிப்பார்களாம். கூண்டு இல்லை, மேசையைச் சுற்றி நாற்காலிகள். அன்று படம் பிடித்தவரே காக்கி இல்லாமல் கட்டம்போட்ட சட்டையில் வந்திருந்தார், பெண் பார்க்க வந்தவர் மாதிரி. விசாரித்த மேடம் பிள்ளையை உட்காரச் சொல்லி, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். குற்றவாளி என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. புத்தி சொல்லி, ஆஸ்பத்திரியில் சில வாரம் சேவை செய்யச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் டெல்பின் தானாகச் சோறு கேட்டாள்.

அக்டோபர் 17

இன்று என் வழக்கு. பிள்ளை ஓட்டினால் தகப்பன்மேல் கேஸ். அது பெரியவர்கள் கோர்ட்டு. காலையிலிருந்து வராண்டாவில் நின்றேன். கோர்ட்டு டவாலி வெளியே வந்து, என் பெயரை "டிக்சன்... டிக்சன்... டிக்சன்..." என்று மீன் ஏலம் விடுகிறவன் மாதிரி மூன்று தரம் கத்தினார். வராண்டாவே திரும்பிப் பார்த்தது. கூண்டில் ஏறினேன். அதே ஸ்கூட்டர், அதே அண்ணாச்சி. அங்கே "சாப்பிட்டியாம்மா", இங்கே இது. நாற்பத்தாறு வயதுக்காரனுக்கே இந்த இடம் தாங்கவில்லையே.

விசாரணை தள்ளிப்போனது. வக்கீல் நேசக்குமார் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, சாவிய நீங்க குடுக்கலல்லா? பிள்ளையச் சாட்சியாக் கூப்பிடுவோம். நாந்தான் எடுத்தேன்னு வந்து சொல்லட்டும். நீங்க வெளிய வந்திரலாம்."

எவ்வளவு லேசாச் சொல்லுதாரு. இங்கனயா? இந்த வராண்டாவிலயா?

நவம்பர் 12

"சாவி யார் கொடுத்தது?" என்றார் நீதிபதி.

"நாந்தான்யா."

அபராதம். கோர்ட்டு கலையும்வரை அங்கேயே இருக்கவேண்டிய தண்டனை. நேசக்குமார் தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டில் டெல்பின் கேட்டாள்: "ஏன்ப்பா பொய் சொன்னிய?"

"ஏளா, சாவி போனதுகூடத் தெரியாத தூங்குமூஞ்சின்னு கோர்ட்டுல எழுதிட்டா எம் மானம் என்னாவுறது?"

சிரித்தாள். ஜூலைக்குப் பிறகு இப்போதுதான்.

அந்த டவாலி வாயில் உன் பெயர் மூன்று தரம் ஏலம் போக விடமாட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.