பதினோரு வருடம் யாரும் பார்க்காத இதயம்

என் அன்புத் தங்கச்சி சரசாவுக்கு,

உனக்கு நடந்தது அநியாயம். பதினோரு வருடம் உன் மூச்சு முட்டலுக்கு வீசிங் என்று பெயர் வைத்து, இன்ஹேலர் கொடுத்து அனுப்பினார்கள். ஒருவர்கூட இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்லவில்லை. அவர்களை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

என்னையும்தான். அதற்கெல்லாம் முன்னால், என் கல்யாணத்தில், மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் துணை நிற்கிற இணைச்சீரில், கூறைச்சேலைப் பேழையைத் தலையில் வைத்து என் பக்கத்தில் நின்றாய். "செத்த உக்காந்துக்கட்டுங்ளாண்ணா?" என்றாய். "சீர் முடியற வரைக்கும் நிக்க மாட்டாம என்ன பொண்ணு நீயி?" என்றேன், சபை கேட்க. நின்றாய்.

கால் வீங்கிய பிறகுதான் ஒரு டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். பிறவியிலேயே இதயத்தின் கீழறைகள் இடம் மாறியிருந்தன. நுரையீரலுக்கு மட்டும் தள்ள வேண்டிய அறை, உடம்பு முழுவதற்கும் ரத்தம் தள்ளி ஓய்ந்துவிட்டது. நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் பெரியநாயக்கன்பாளையத்தில் காலமெல்லாம் பம்பு பிரித்தவனுக்கு அது புரிந்தது. மாடித் தொட்டிக்கு ஏற்றுகிற சின்னப் பம்பை ஆழ்குழாய்க் கிணற்றில் இறக்கிய கதை. நீயோ சிரித்தாய். "நாப்பது வருசம் ஓடிருக்குதுங்ணா. நல்ல கம்பெனிதானுங்."

கண்ணை மூடுவதற்கு முன் ஒன்று சொன்னாய்: "நித்யா மாசமானா, வயித்துலயே குழந்தையோட இதயத்தப் பாக்கச் சொல்லிப்போடுங்ண்ணா."

உன் மகள் நித்யாவுக்கு ஐந்தாம் மாதம் வந்தபோது சொன்னேன். அவள் மாமியார் ஒப்பவில்லை. "ஏனுங், நல்லா இருக்கற புள்ளைக்கு எதுக்குங் சீக்குப் பட்டம்? ஊருக்குத் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

"தெரியாமயே ஒருத்திய அனுப்பிப்போட்டமுங். இன்னொண்ணு ஆகாதுங்" என்று அவர்கள் வாசலிலேயே உட்கார்ந்தேன். சோற்றுக்குக் கூப்பிட்டும் எழவில்லை. கடைசியில் மாப்பிள்ளை காரை எடுத்தார்.

ஸ்கேனில் பார்த்தால், வயிற்றுக் குழந்தைக்கும் உனக்கிருந்த அதே கோளாறு, சரசா. துடிப்பும் மெதுவாக இருந்தது. அதனால் இதய டாக்டர்கள் காத்திருந்த ஆஸ்பத்திரியிலேயே பிரசவம். நாலாம் நாள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இப்போது உன் பேத்திக்கு நாலு மாதம். பால் குடிக்கும்போது மூச்சு வாங்கி நெற்றி வியர்ப்பதில்லை. உனக்கு யாரும் செய்யாததை நீ அவளுக்குச் செய்துவிட்டாய். இதற்கு நன்றி என்ற சொல் போதுமா, கண்ணு?

இனி மாப்பிள்ளை, டாக்டர் சொன்ன தேதி தப்பாமல் குழந்தையைக் காட்ட வேண்டும். நித்யா எங்கே போனாலும் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மாமியார், கேட்பவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். காரணம் பிடிபடாத மூச்சுத் திணறலோடு யார் வந்தாலும் டாக்டர்கள் எக்கோ எழுத வேண்டும். இவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், செய்தாயிற்றா என்று நான் கேட்க வேண்டும். திட்டினாலும் கேட்பேன்.

உன் கூடப்பிறந்த அண்ணன்,
பழனிச்சாமி